செத்துப்போச்சா, மாறிக்கிட்டிருக்கா? – வாசகர் கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து இந்த முறை புழுக் கேள்விகளாகவே வந்து குவிந்திருக்கின்றன. அறிவியல் கண்காட்சி சீசன் போலிருக்கிறது. சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

எட்டாவது படிக்கும் என் மகன் கண்காட்சிக்காக மீல்வார்ம் வாங்கிவந்து, டப்பாவில் தவிடு போட்டு வளர்க்கிறான். நேற்றுப் பார்த்தால் பாதிப் புழு வெள்ளையாக, சுருண்டு, அசையாமல் கிடக்கிறது. செத்ததையெல்லாம் கொட்டிவிடலாமா? வீடு நாறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, பாலக்கோடு

கொட்டிவிடாதீர்கள் அம்மா, பையன் அழுதுவிடுவான்! மீல்வார்ம் என்பது ஒரு கறுப்பு வண்டின் புழுப் பருவம். அது சாகவில்லை, வண்டாவதற்கு முந்தைய கட்டமான கூட்டுப்புழு ஆகியிருக்கிறது. சந்தேகமாக இருந்தால் ஒன்றை உள்ளங்கையில் வைத்து வால் பக்கம் மெல்லத் தொட்டுப் பாருங்கள், வெடுக்கென்று வயிற்றை ஆட்டும். கறுத்து, மெத்தென்று ஆகி, தொட்டாலும் ஆடாமல் கிடப்பதுதான் செத்தது. அதை மட்டும் பொறுக்கி எறியுங்கள்.

இதற்குப் பட்டுப்புழு மாதிரி கூடு கிடையாது. மூடி மறைக்க ஒன்றுமில்லாமல் தவிட்டின் மேலேயே வெறும் உடம்போடு கிடக்கும். பையனிடம் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் கொடுத்துப் பாருங்கள். நெஞ்சோடு மடித்து வைத்த ஆறு கால், தலைக்குக் கீழே வளைந்து கிடக்கும் உணர்கொம்பு, இரண்டு பக்கமும் குட்டையாக ஒட்டியிருக்கும் இறக்கை மொட்டு, எல்லாம் வெளியிலேயே தெரியும். நேற்றுவரை புழுவாக இருந்ததில் இறக்கைக்கான அடையாளமே கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

ஒரு ஆபத்து உண்டு, அது வெளியிலிருந்து வருவதில்லை. கூட்டுப்புழுவால் நகரவோ தப்பிக்கவோ முடியாது. அதே டப்பாவில் இருக்கும் பசித்த புழுக்களும் வண்டுகளும் அதைக் கடித்துத் தின்றுவிடும், ஈரம் கிடைக்காத டப்பாவில் இது இன்னும் அதிகம். அதனால் வெள்ளையானதை எல்லாம் ஒரு கரண்டியால் எடுத்து வேறு டப்பாவில் போட்டு வையுங்கள். மிச்சமிருக்கும் புழுக்களுக்கு ஒரு துண்டு கேரட்டோ உருளைக்கிழங்கோ போடுங்கள், தண்ணீர்ச்சத்துக்கு அது போதும். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் தவிடு பூஞ்சணம் பிடித்து, நீங்கள் பயந்த நாற்றம் அப்போதுதான் வரும்.

கூட்டுப்புழு வண்டாக வெயில் காலத்தில் ஒரு வாரம், குளிர்ந்தால் இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். வெளியே வரும் வண்டு முதலில் வெளுப்பாக இருக்கும், அதையும் நோயென்று நினைத்துவிடாதீர்கள். நாளாக ஆக பழுப்பாகி, அப்புறம் கறுத்துவிடும். அந்த வண்டு இரண்டு மூன்று மாதம் உயிரோடிருந்து, சில நூறு முட்டை தவிட்டுக்குள்ளேயே போடும். முட்டை பசை மாதிரி ஒட்டும், மேலே தவிட்டுத் தூள் அப்பிக்கொள்வதால் கண்ணுக்கே தெரியாது. ஆகவே கண்காட்சி முடிந்ததும் பழைய தவிட்டைக் குப்பையில் போட்டால் அடுத்த தலைமுறையையும் சேர்த்துத்தான் போடுகிறீர்கள்.

காலைப் பிரேயரில் மாணவர்களுக்குத் தினமும் ஒரு நல்ல கருத்து சொல்வோம். மீல்வார்மின் வாழ்க்கைச் சுழற்சியிலிருந்து என்ன பாடம் சொல்லலாம்? பொறுமையாக இருந்தால் சிறகு முளைக்கும் என்று சொல்ல நினைத்திருக்கிறேன்.
– ஒரு ஆசிரியை, காவேரிப்பட்டினம்

தாராளமாகச் சொல்லுங்கள் டீச்சர், ஆனால் உங்கள் வகுப்பில் பட்டு வளர்க்கிற வீட்டுப் பிள்ளை ஒன்று இருந்தால் நிச்சயம் எழுந்து நின்று கேள்வி கேட்கும். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு அப்பா மூட்டை கட்டிக்கொண்டு போவதைப் பார்த்த பிள்ளைக்குத் தெரியும், அந்தக் கூடுகளுக்குள் இருக்கும் புழுவுக்குச் சிறகு முளைக்க யாரும் விடுவதில்லை. அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியே வந்தால் நூல் அறுந்துபோகும், அதற்கு முன்பே ஆவியிலோ சூட்டிலோ வைத்துவிடுவார்கள். முட்டைக்காக விதைக்கூடு என்று ஒதுக்கியது மட்டும்தான் பூச்சியாகும். அது எவ்வளவு பொறுமையாக இருந்தது என்பதெல்லாம் கணக்கிலேயே வராது.

மீல்வார்மும் பொறுமையினால் வண்டாவதில்லை. அதன் உடம்பில் இளமை ஹார்மோன் என்று ஒன்று சுரக்கிறது. அது நிறைய இருக்கும்வரை புழு தோலுரிக்கும், பெரிதாகும், மறுபடியும் புழுவாகவே இருக்கும். அது குறைந்த பிறகு உரிக்கும் தோலில்தான் கூட்டுப்புழு வரும். பட்டுப்புழு நாலே முறை தோலுரிக்கும் என்று எண்ணி வைத்துக்கொள்ளலாம், மீல்வார்முக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. ஒன்பது முறையும் ஆகலாம், பதினைந்துக்கு மேலும் போகலாம். சூடு, தீனி, ஈரம், கூட்டம் எல்லாம் சேர்ந்து முடிவு செய்வது அது. ஒரே டப்பாவில் நெருக்கியடித்துக் கிடந்தால் கூட்டுப்புழு ஆவதையே தள்ளிப்போடும். யோசித்துப் பாருங்கள், நகர முடியாமல் கிடக்கும்போது சுற்றிலும் கடிக்கிற வாய்கள் இருந்தால் யார்தான் தூங்குவார்கள்?

நீதி சொல்லியே ஆக வேண்டும் என்ற பழக்கத்தை ஒரு வாரம் மட்டும் விட்டுப்பாருங்களேன். அதற்குப் பதில் இரண்டு டப்பா வையுங்கள். ஒரே அளவு தவிடு, ஒரே அளவு கேரட். ஒன்றில் பத்துப் புழு, இன்னொன்றில் நூறு. பிள்ளைகள் தினமும் நோட்டில் எழுதட்டும்: இன்றைக்கு உரித்த தோல் எத்தனை, வெள்ளையானது எத்தனை, நீளம் எவ்வளவு. எதில் முதலில் வண்டு வரும் என்று முன்கூட்டியே ஆளாளுக்கு எழுதி மடித்து வைக்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் சொன்னது தப்பாகும். ஏன் தப்பானது என்று அவர்கள் தங்களுக்குள் சண்டை போட ஆரம்பிப்பார்கள் பாருங்கள், எந்தப் பிரேயர் கருத்துக்கும் அப்படிச் சண்டை நடந்து நான் கேள்விப்பட்டதில்லை. அத்தோடு, வண்டும் பட்டுப்பூச்சியும் முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்று நாலு கட்டமும் கடப்பவை, வெட்டுக்கிளிக்கு இந்தக் கூட்டுப்புழுக் கட்டமே இல்லை, குட்டியே பெரிதின் ஜாடையில்தான் இருக்கும் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம், தேர்வுக்கும் ஆச்சு.

வீட்டில் கேழ்வரகு மாவில் செம்பழுப்பாகச் சின்ன வண்டு ஊருது. அதுவும் இந்தப் புழு வகைதானா?
– ஒரு பாட்டி, பென்னாகரம்

தூரத்துச் சொந்தம் பாட்டி. நீங்கள் சொல்வது அநேகமாகச் சிவப்பு மாவு வண்டு, மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். மீல்வார்ம் வண்டு அதைப்போல நாலு மடங்கு நீளம், கறுப்பு. மாவைச் சலித்து, வெயிலில் காயவைத்து, இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். நெடி அடித்தால் சலித்தும் பிரயோஜனமில்லை, கொட்டிவிடுங்கள். பேரன் மீல்வார்ம் வளர்த்தால் அந்த டப்பாவை மட்டும் சமையலறைக்குள் விடாதீர்கள்.

நாட்டுக்கோழிக்குத் தீனியாக மீல்வார்ம் வளர்க்கலாம் என்றிருக்கிறேன். ‘தாய்ப்புழு வாங்கிக்கொள்ளுங்கள், வளர்த்ததை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம்’ என்று ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
– ஒரு இளைஞர், அரூர்

தம்பி, 2012-இல் கவிழ்ந்துபோன பெருந்துறைப் பக்கத்து ஈமு கோழித் திட்டத்தில் பணம் கட்டியவர்களிடமும் இதே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். பறவை பெரியது, இது சின்னது, அவ்வளவுதான் வித்தியாசம். திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: என்னிடம் எடுத்ததை நீங்கள் யாரிடம் விற்கிறீர்கள்? பதில் ‘இன்னும் புதுசா சேருகிறவர்களிடம்’ என்று சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் கோழிக்கே வளர்ப்பது வேறு விஷயம், அதைச் செய்யலாம். உயிர்ப்புழுவில் பாதிக்கு மேல் தண்ணீர், ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் புரதம், கொழுப்பும் கணிசம். சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு, அதனால் முட்டையிடும் கோழிக்கு இதையே முழுத் தீனியாகப் போட்டால் ஓடு மெலியும். கைப்பிடி அளவு, மற்றத் தீனியோடு சேர்த்து, சரியா? அடுத்தது சூடு. இந்தப் புழுவுக்கு 25 முதல் 28 டிகிரி சுகம். ஓசூர்க்காரர்களுக்குப் பெரும்பாலும் பிரச்சினையில்லை, உங்கள் ஊரில் சித்திரை மாதத் தகரக் கொட்டகைக்குள் வைத்தால் மொத்தமும் போய்விடும். ஓட்டு வீட்டில், தரையோடு, காற்றோட்டமான மூலையில் வையுங்கள். முட்டையிலிருந்து வண்டுவரை குறைந்தது மூன்று மாதம், பெரும்பாலும் அதற்கு மேலும் ஆகும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சமையல் கழிவை வைத்துத்தான் புழு வளர்க்கப்போகிறீர்கள் என்றால் மீல்வார்ம் வேண்டாம், அதற்குக் காய்ந்த தவிடுதான் பிடிக்கும்; ஈரக் கழிவுக்குக் கறுப்புப் படைவீரன் ஈயின் புழு இருக்கிறது, வேகமும் அதிகம். தவிட்டுத் தூளும் உரித்த தோலும் மூச்சில் ஏறினால் சிலருக்கு ஒவ்வாமை வரும், சலிக்கும்போது மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள்.

மீல்வார்ம் தெர்மாகோலைத் தின்று தீர்த்துவிடுமாமே, உண்மையா?
– ஒரு கல்லூரி மாணவர், கிருஷ்ணகிரி

தின்பது உண்மை, தீர்ப்பது பொய். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டும் சீனாவின் பெய்ஹாங் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், 100 புழுக்கள் ஒரு நாளைக்கு 34 முதல் 39 மில்லிகிராம் தெர்மாகோலைத் தின்றன. குடலில் உள்ள நுண்ணுயிரிகள் உதவியால் அதில் ஏறக்குறைய பாதி கரியமில வாயுவாக வெளியேறியது, ஆச்சரியம்தான். இப்போது கணக்குப் போடுங்கள்: ஒரே ஒரு கிராமைத் தின்ன 100 புழுவுக்குக் கிட்டத்தட்ட ஒரு மாதம். டிவி பெட்டியோடு வருகிற தெர்மாகோலைப் போட்டு வைத்தால் உங்கள் டிகிரி முடிந்துவிடும், தெர்மாகோல் முடியாது.