உங்கள் தேதி எது?

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளை நான்கு வருடமாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. டெக்சாஸில் இருக்கிறோம், கணவர் ஹெச்-1பி வேலை வீசாவில், நான் அவரை ஒட்டி மனைவிக்குத் தருகிற ஹெச்-4-இல். டொராண்டோவில் என் தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம். கணவருக்கு லீவு கிடைக்காது. மகளை அழைத்துக்கொண்டு நான் மட்டும் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறேன். கனடா வீசா வாங்கியாயிற்று. ஆனால் பாஸ்போர்ட்டில் அமெரிக்க வீசா மார்ச்சோடு முடிந்துவிட்டது. அவருக்கு ஹெச்-1பி 2027 வரை நீட்டித்து வந்துவிட்டது. அவர் கூட இல்லாமல் என்னைத் திரும்ப உள்ளே விடுவார்களா?

போன முறை ஊரிலிருந்து தனியாகத் திரும்பியபோது அதிகாரி கேட்ட நான்கு கேள்வியும் அவரைப் பற்றித்தான். அன்று முழுவதும் மனசே சரியில்லை. தோழியிடம் சொன்னால், “மனைவி என்றுதானே சொன்னார்கள், அதில் என்ன கேவலம்?” என்கிறாள். ஹெச்-4 வேலை அனுமதியை ரத்து செய்துவிடுவார்கள் என்று வேறு பயமுறுத்துகிறார்கள். நான் தேவையில்லாமல் குழம்புகிறேனா? பேப்பரெல்லாம் அவர்தான் பார்த்துக்கொள்கிறார், அதனால் எனக்கு இதெல்லாம் சரியாகத் தெரியாது.

எம்.

*

அன்புள்ள எம்.,

தங்கைக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகட்டும்.

போகலாம். பாஸ்போர்ட்டில் வீசா முடிந்திருந்தாலும் ஐ-94 தேதி, அதாவது நாட்டுக்குள் எதுவரை தங்கலாம் என்கிற தேதி, உயிரோடு இருந்தால் கனடாவுக்குப் போய் 30 நாளுக்குள் திரும்பிவிடலாம். ஆட்டோமேட்டிக் வீசா ரீவேலிடேஷன் என்று அதற்குப் பெயர். கணவர் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று விதி கிடையாது. திருமணச் சான்றிதழ், அவருடைய ஐ-797 ஒப்புதல் தாளின் நகல், கடைசி இரண்டு மூன்று சம்பளச் சீட்டுகள், மகளுக்காக அவர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம், இதெல்லாம் கையில் இருக்கட்டும். அங்கே சும்மா இருக்கும் நேரத்தில் ஸ்டாம்பிங்கையும் முடித்துவிடலாமே என்று மட்டும் கிளம்பாதீர்கள். புது வீசாவுக்கு விண்ணப்பித்தால் இந்தச் சலுகை போயிற்று. வேலை அனுமதி 2015 மே 26 முதல் இருக்கிறது. அதை எதிர்த்துப் போட்ட வழக்கில் 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்றது. அதற்குமேல் வாட்ஸப் வதந்திக்கெல்லாம் என்னால் பதில் எழுத முடியாது.

இனி திட்டுகிறேன். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அவருக்கு லீவு இல்லை என்று தெரிகிறது. அவருடைய ஹெச்-1பி எதுவரை என்று தெரிகிறது. உங்களுடையது எதுவரை? ஒரு வார்த்தை இல்லை. அவருக்கு 2027 வரை வந்துவிட்டது, சரி. உங்களுக்கு வந்துவிட்டதா? அவருக்காகக் கம்பெனி போடுவது ஐ-129 என்கிற விண்ணப்பம். உங்களுக்கு ஐ-539 என்று தனியாகப் போடவேண்டும், தனியாக ஒப்புதல் வரவேண்டும், அந்த ஒப்புதல் தாளின் அடியில் உங்கள் பெயரில் ஒரு ஐ-94 இருக்கவேண்டும். அவர் வேலை போனால் உங்கள் ஹெச்-4-உம் கூடவே ஆட்டம் காணும். அவருக்கு நீட்டிப்பு வந்தால் மட்டும் உங்களுக்குத் தானாக வராது. கிணற்றில் இறங்கும்போது சேர்த்துக் கட்டி, ஏறும்போது அவிழ்த்துவிடுகிற கயிறு இது. கணவருக்கு வந்த கடிதத்தைத் தனக்கும் வந்ததாக நினைத்துக்கொண்டு காலம் தள்ளியவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். உங்கள் தாள் வரவில்லை என்றால் டொராண்டோவை மறந்துவிட்டு முதலில் வக்கீலைப் பாருங்கள்.

“அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.” இந்த வரிதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. நல்லவராகத்தான் இருப்பார். என் வீட்டுக்காரரும் நல்லவர்தான். நல்லவர்களுக்கும் தேதி மறக்கும்.

2006-இல் நான் ஹெச்-4. அப்போது ஐ-94 என்பது பாஸ்போர்ட்டில் பின் அடித்துத் தருகிற சின்ன வெள்ளை அட்டை. விமான நிலையத்தில் இறங்கியபோது என் பாஸ்போர்ட் காலாவதியாக ஏழு மாதம்தான் மீதி. அதனால் அதிகாரி அட்டையில் பாஸ்போர்ட் முடிகிற தேதியையே எழுதிவிட்டார். என் வீட்டுக்காரர் அட்டையில் இன்னும் இரண்டு வருடம். வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் ஒரே கவரில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டோம். பாஸ்போர்ட்டை ஒழுங்காகப் புதுப்பித்தோம். அட்டை பழைய பாஸ்போர்ட்டோடு உள்ளே போய்விட்டது. டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் கவுண்டரில் இருந்த பெண்தான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது முடிந்து 47 நாள் ஆகிறதே அம்மா” என்றாள். அந்த நிமிஷம் வரை நான் அந்த அட்டையைப் படித்ததே இல்லை. எம்.ஏ. படித்தவள், மளிகைக்கடை பில்லைக்கூட வரி விடாமல் படிக்கிறவள்.

180 நாள் தாண்டுவதற்குள் வெளியேறி, புதிதாக வீசா வாங்கித் திரும்புவதுதான் வழி என்றார் வக்கீல். கெடு தாண்டித் தங்கியதால் பழைய வீசாவும் செல்லாது. பையனுக்கு நான்கு வயது. அவனை அப்பாவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் ஊருக்குப் போனேன். ஒன்பது வாரம். போனில் அவன் ஒவ்வொரு நாளும் “பேப்பர் கிடைச்சுதா?” என்று கேட்பான். வீட்டில் நாங்கள் பேசியதைக் கேட்டிருக்கிறான். நான் எங்கேயோ ஒரு காகிதத்தைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருப்பதாக அவன் நினைப்பு. வீசா நேர்காணலில் என்னிடமும் கணவரின் கம்பெனி, கணவரின் சம்பளம், கணவரின் வேலை என்றுதான் கேட்டார்கள். எனக்கு அப்போது கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. என் தேதி எனக்கே தெரியாதபோது அவர்கள் ஏன் என்னைப் பற்றிக் கேட்கப்போகிறார்கள் என்று தோன்றியது. அப்படித் தோன்றியது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை.

இப்போது வெள்ளை அட்டை இல்லை. விமானத்தில் வருகிறவர்களுக்கு 2013-இலேயே இணையத்துக்கு மாற்றிவிட்டார்கள். பாஸ்போர்ட் எண்ணைப் போட்டால் ஐந்து நிமிஷத்தில் தேதி வரும், காசு கிடையாது. நாட்டுக்குள்ளேயே நீட்டித்திருந்தால் ஐ-797 தாளின் அடியில் இருப்பதுதான் கணக்கு. இரண்டையும் நீங்களே பாருங்கள். அவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லாதீர்கள்.

தோழி சொன்னதற்கு வருகிறேன். உண்மையில் நான் பதில் எழுத உட்கார்ந்ததே அந்த வரிக்காகத்தான். சில வாரங்களாக 1913-ஐப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஹசன் இசப் என்பவர் இந்தியாவுக்கு வந்து பாய் மரியம் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு தென்னாப்பிரிக்கா திரும்புகிறார். அந்தப் பெண்ணைக் கரையிறங்க விடவில்லை. வழக்கு போனது. கேப் மாகாண நீதிபதி சேர்ல் மார்ச் 14 அன்று தீர்ப்பு சொன்னார்: பலதார மணத்துக்கு இடம் தருகிற மதத்தின்படி நடந்த கல்யாணம் இங்கே செல்லாது. ஒரே நாளில் அங்கிருந்த இந்து, முஸ்லிம் பெண்கள் யாரும் சட்டப்படி மனைவி இல்லை என்றாகிவிட்டது.

அதற்காகத்தான் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். அங்கே காந்தி நடத்திய டால்ஸ்டாய் பண்ணையிலிருந்து பதினொரு பேர், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், ஆறு பேர் கையில் குழந்தை. கைதாகவேண்டும் என்று லைசென்ஸ் இல்லாமல் கூடை தூக்கி விற்றுப் பார்த்தார்கள், போலீஸ் கண்டுகொள்ளவில்லை. பர்மிட் இல்லாமல் டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து நேட்டால் மாகாணத்துக்குள் போனார்கள். நியூகாசிலில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் ஒப்பந்தம் முடிந்த இந்தியத் தொழிலாளர்கள்மேல் போட்டிருந்த 3 பவுன் வரியைப் பற்றிப் பேசி வேலைநிறுத்தத்தைத் தொடங்கி வைத்தார்கள். அக்டோபர் 21 அன்று கைது, மூன்று மாதம் கடுங்காவல்.

ஆக மனைவி என்ற சொல்லில் கேவலம் ஒன்றும் இல்லை, உங்கள் தோழி சொல்வது சரி. அந்தச் சொல்லுக்காக ஜெயிலுக்குப் போயிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பதினொரு பேரின் பட்டியலைப் பாருங்கள். திருமதி தம்பி நாயுடு. திருமதி பெருமாள் நாயுடு. திருமதி பி.கே. நாயுடு. எல்லை தாண்டியது அவர்கள் கால், பட்டியலில் இருப்பது புருஷன் பெயர். சொந்தப் பெயரோடு இருப்பது கல்யாணமாகாத பெண்கள்தான். அதே போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய்க் காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்த தில்லையாடி வள்ளியம்மைக்குப் பதினாறு வயது. அவளும் யாருடைய மனைவியும் இல்லை. மனைவிகளின் உரிமைக்காகச் செத்தவள் அவள், நமக்குப் பெயர் தெரிவதும் அவளைத்தான். தம்பி நாயுடுவின் மனைவி பெயர் வீரம்மாள் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது.

ரொம்பப் பழைய கதை என்பீர்கள். 2024 தொடக்கத்தில் அமெரிக்காவுக்குள்ளேயே வீசா புதுப்பிக்க ஒரு சோதனைத் திட்டம் வைத்தார்கள், 20,000 பேர் வரை. ஹெச்-1பி-காரர்களுக்கு மட்டும். கணவர்கள் பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பினார்கள், மனைவிகள் வழக்கம்போல விமானம் ஏறினார்கள். (ஹெச்-4 கணவர்களும் இருக்கிறார்கள், தெரியும். அவர்களும் ஏறினார்கள்.)

அந்தப் பதினொரு பேரின் பட்டியலை எழுதியது வேறு யாரோ. ஆனால் உங்கள் மின்னஞ்சல் முகவரி உங்கள் இரண்டு பேர் பெயரையும் ஒட்டவைத்தது, அவர் பெயர் முன்னால். அதை நீங்களேதானே வைத்தீர்கள்? சரி விடுங்கள், அது அன்பில் வைத்தது, அதையும் நான் பிடித்துத் தொங்கக் கூடாது.

இன்று ராத்திரி அந்தக் கவரைத் திறந்து உங்கள் தாளைத் தேடி எடுங்கள். தேதியைப் பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள். டொராண்டோவிலிருந்து திரும்பியதும் இன்னொரு வரி, நீங்கள் பெரியம்மா ஆனது பெண்ணுக்கா பையனுக்கா என்று.