நீலச் சட்டைக்கு மாறிய கைதிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிக்கொண்ட அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிடிபட்ட எதிரிப்படைக் கைதிகளைக் கொண்டே வட அரசு ஒரு தொண்டர் காலாட்படையைத் திரட்டியது என்றும், மிசோரி ஆற்றங்கரையில் உள்ள ஓர் எல்லைப்புறக் கோட்டைக்கு அனுப்பப்பட்ட அப்படையினரில் போரைவிட நோயால் மாண்டவர்களே அதிகம் என்றும் நான்கு வரிகளில் எழுதியிருந்தேன். அவற்றைப் படித்துவிட்டுக் கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். நான்கு வரிகளில் சொல்லி நகர்ந்திருக்கக் கூடாத விஷயம் அது என்பதை அக்கடிதங்கள் எனக்கு உணர்த்தின. ஆகவே இந்த மாதப் பகுதி முழுவதும் அப்படையைப் பற்றியதே.

கைதியாக இருப்பவன் எப்படித் தொண்டனாக முடியும்? அவர்களைக் 'கால்வனைஸ்டு யாங்கி' என்று அழைத்ததன் பொருள் என்ன?
(வாசகர், செந்தூல்)

பெயரிலிருந்தே தொடங்குகிறேன். தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு மழை விழும் தகரக் கூரையின் ஓசை மறந்திருக்காது. துருப்பிடிக்காமல் இருப்பதற்காக இரும்புத் தகட்டின் மேல் துத்தநாகம் பூசுவார்கள். அதுதான் 'கால்வனைஸ்டு' தகரம். 'யாங்கி' என்பது வட மாநிலத்தவரைக் குறிக்கும் சொல். சாம்பல் நிறச் சீருடையில் தெற்குக்காகப் போரிட்டுப் பிடிபட்டவன், வடக்கின் நீலச் சட்டையை மேலே போட்டுக்கொண்டதும் அவனுக்கு இந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. மேலே பூச்சு வேறு, உள்ளே இரும்பு அதேதான் என்ற ஏளனம் அதில் இருக்கிறது.

மேரிலாந்து மாநிலத்தில், பொட்டோமாக் ஆறு செசபீக் விரிகுடாவில் கலக்கும் மணல்முனையில், 'பாயிண்ட் லுக்அவுட்' என்ற கைதி முகாம் 1863-இல் தொடங்கப்பட்டது. கைதிகள் குளிர்காலத்திலும் துணிக் கூடாரங்களில்தான் தங்கினார்கள், குடிநீர் கெட்டிருந்தது, 10,000 பேருக்கென அமைத்த இடத்தில் ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 20,000 பேர் அடைக்கப்பட்டிருந்தனர். இரு தரப்பும் கைதிகளைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு முறிந்துபோனதால், எப்போது விடுதலை என்பதே தெரியாமல் போயிற்று. பிடிபட்ட கறுப்பினப் படைவீரர்களை மற்றக் கைதிகளுக்குச் சமமாக நடத்தத் தெற்கு மறுத்தது அம்முறிவுக்கு ஒரு முக்கியக் காரணம்.

இந்த நிலையில், 1864-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அதிபர் லிங்கனின் ஒப்புதலோடு ஜெனரல் பெஞ்சமின் பட்லர் அம்முகாமில் ஆள் சேர்க்கத் தொடங்கினார். விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொண்டு வடக்கின் படையில் சேரலாம், இல்லையேல் முகாமிலேயே இருக்கலாம். அவ்வாறு சேர்ந்தவர்களைக் கொண்டு அமைந்ததுதான் ஐக்கிய அமெரிக்கத் தொண்டர் காலாட்படையின் முதலாம் ரெஜிமென்ட். பின்னர் இத்தகைய ரெஜிமென்டுகள் ஆறாகப் பெருகின. மொத்தம் ஏறத்தாழ 6,000 பேர். யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை என்பதால் சட்டப்படி அவர்கள் தொண்டர்கள்தாம். ஆனால் நோயும் பசியும் நிறைந்த கூடாரத்துக்கும் ஒரு துப்பாக்கிக்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்வதைத் தேர்வு என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை.

வடக்கின் தலைமைத் தளபதி ஜெனரல் கிராண்ட் இவர்களைத் தெற்குக்கு எதிரான போர்முனையில் நிறுத்த விரும்பவில்லை. பழைய தோழர்களிடம் மீண்டும் பிடிபட்டால் தப்பியோடியவர்கள் என்று சுட்டுக்கொல்லப்படும் அபாயம் அவர்களுக்கு இருந்தது. ஆகவே 1864 ஆகஸ்டில் மேற்கு எல்லைப்புறத்துக்கு அனுப்பும்படி அவர் ஆணையிட்டார். ரெஜிமென்டின் ஆறு கம்பெனிகள், ஏறத்தாழ 600 பேர், செயின்ட் லூயிஸ் நகரில் 'எஃபி டீன்ஸ்' என்ற நீராவிப் படகில் ஏறி மிசோரி ஆற்றின் எதிரோட்டத்தில் புறப்பட்டனர். ஆற்றில் நீர் வற்றியிருந்ததால் செப்டம்பர் இறுதியில் படகு மேற்கொண்டு நகர முடியாமல் அவர்களைக் கரையில் இறக்கிவிட்டது. அங்கிருந்து ஏறத்தாழ 440 கிலோமீட்டர் நடந்து, அக்டோபர் 17 அன்று ஃபோர்ட் ரைஸ் என்ற கோட்டையை அடைந்தார்கள். பினாங்கிலிருந்து புறப்பட்டுக் கோலாலம்பூரையும் கடந்து சிரம்பான் வரை மூட்டை முடிச்சுகளோடு நடப்பதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதோடு, கால் வைக்கும் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடக் குளிர் கூடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதிரிகளைவிட நோயே அதிகம் பேரைக் கொன்றது என்றீர்கள். அது என்ன நோய்? சாப்பாடே கிடைக்கவில்லையா?
(வாசகி, பட்டர்வொர்த்)

சாப்பாடு கிடைத்தது, அம்மா. வயிறு நிறையவும் செய்திருக்கும். அதுதான் இதில் நெஞ்சை உறுத்தும் செய்தி.

கோட்டையின் முதல் ஆண்டில் அங்கு இறந்தவர்கள் 81 பேர். அவர்களில், அப்பகுதிப் பழங்குடி வீரர்களான எதிரிகளால் கொல்லப்பட்டவர்கள் 7 பேர் மட்டுமே. 37 பேரை ஸ்கர்வி நோய் கொன்றது. 24 பேர் நாள்பட்ட வயிற்றுப்போக்கால் மாண்டனர். மற்றவர்களை டைபாய்டும் பிற நோய்களும் கொண்டுபோயின. ஃபோர்ட் ரைஸ் இன்றைய வட டகோட்டா மாநிலத்தில், மிசோரியின் மேற்குக் கரையில் இருந்தது. செல்சியஸ் அளவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே 30 பாகை வரை இறங்கும் குளிர் அந்தச் சமவெளிக்குப் புதிதல்ல. ஆனால் வட கரோலினா போன்ற தென் மாநிலங்களிலிருந்து வந்த அந்த இளைஞர்களுக்கு முற்றிலும் புதிது. ஆற்றோரக் காட்டன்வுட் மரங்களை வெட்டி, மண் கூரை போட்ட குடிசைகளில் அவர்கள் தங்கினார்கள். ஆறு உறைந்துவிட்டால் பனி உருகும் வரை படகு வராது. படகு வராவிட்டால் உருளைக்கிழங்கும் இல்லை, வெங்காயமும் இல்லை. உப்பிட்ட பன்றி இறைச்சி, கல்லைப் போன்ற மாவு பிஸ்கட், அவரை விதை, காப்பி ஆகியவையே படையினரின் வழக்கமான உணவு. இவை எதிலும் உயிர்ச்சத்து சி இல்லை.

அச்சத்து உடலில் தீர்ந்துபோனால் சதையையும் தோலையும் பிணைத்து வைக்கும் நார்ப்பொருள் உருவாவது நின்றுவிடுகிறது. முதலில் தீராத அசதி. பிறகு ஈறு வீங்கி இரத்தம் கசியும், பல் ஆடும், கால்களில் கருநீலத் திட்டுகள் படரும். எப்போதோ ஆறிப்போன பழைய காயம்கூட மீண்டும் திறந்துகொள்ளும். போரில் குண்டடி பட்டுப் பிழைத்த ஒருவனுக்கு அந்தத் தழும்பு மறுபடியும் புண்ணாவது எத்தகைய வேதனையாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். மருந்து என்னவோ மிக எளியது. நம் சந்தையில் கூறு கட்டி விற்கும் கஸ்தூரி எலுமிச்சையோ, ஒரு கொய்யாவோ, ஒரு பிடி முருங்கைக்கீரையோ நாள்தோறும் கிடைத்திருந்தால் அந்த 37 பேரும் பிழைத்திருப்பார்கள். வசந்தத்தில் அந்தச் சமவெளியில் தானாக முளைக்கும் காட்டு வெங்காயத்திலும் அச்சத்து உண்டு. ஆனால் அது முளைக்கும் நாள் வரை உயிர் தங்க வேண்டுமே.

இதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 1747-லேயே நோயுற்ற மாலுமிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துக் குணமடைவதைக் கண்டார். பிரிட்டிஷ் கடற்படை 1795 முதல் எலுமிச்சைச் சாறு வழங்கியது. தெரிந்த மருந்தைத் தேவைப்படும் இடத்துக்கு, ஆறு உறைவதற்கு முன் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஏற்பாடு இல்லை.

நம் ஊரிலும் இதன் உடன்பிறப்பான ஒரு நோயைப் பற்றிய ஆராய்ச்சி நடந்திருக்கிறது என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் தீட்டிய வெள்ளை அரிசியை உண்டு, பெரிபெரி நோயால் பெருந்தொகையாக இறந்துகொண்டிருந்த காலம் அது. புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களை அந்நோய் அரிதாகவே தாக்கியது. 1905-இல் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் இருந்தவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தீட்டிய அரிசியும் மறு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். தீட்டிய அரிசி உண்டவர்களிடையே பெரிபெரி பரவியது; பலர் இறந்தனர். அந்த மனிதர்களின் சம்மதத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது எனக்கு ஆறாத வருத்தம். நெல்லை அவித்துக் காயவைக்கும்போது உயிர்ச்சத்து பி1 தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது என்பது பின்னாளில் விளங்கியது. வயிறு நிறைந்திருக்கும்போதே உடல் பட்டினியால் சாகக்கூடும் என்பதற்கு மிசோரி ஆற்றங்கரையும் கிள்ளான் ஆற்றங்கரையும் ஒருசேரச் சாட்சியாக இருக்கின்றன.

அவர்களின் தளபதி எப்படிப்பட்டவர்?
(வாசகர், நிபோங் திபால்)

கர்னல் சார்ல்ஸ் டைமன், மாசசூசெட்ஸ் மாநிலத்தவர், வயது 23. பட்லரின் ஆதரவால் உயர்ந்தவர். தன் வீரர்கள் மீது அவருக்கு நம்பிக்கையும் இருந்தது, அச்சமும் இருந்தது. படகுப் பயணத்தின்போதே கலகம் செய்யத் தூண்டினார் என்ற குற்றச்சாட்டில் வில்லியம் டௌடி என்ற சிப்பாயை விசாரித்து, மேலிடத்தின் ஒப்புதலுக்குக் காத்திராமல், 1864 செப்டம்பர் 9 அன்று சுட்டுக்கொல்லச் செய்தார். முகாமில் சாகாமல் தப்புவதற்காகச் சட்டை மாற்றிக்கொண்ட ஒருவர், கோட்டையைக் காண்பதற்கு முன்பே தன் படையின் துப்பாக்கிகளால் மாண்டார். டைமனின் கண்டிப்புதான் அந்தப் படையை ஒன்றாக வைத்திருந்தது என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. 1865 கோடையில், அக்கோட்டையை நிறுவிய ஜெனரல் சல்லி அங்கு வந்ததும் டைமனைப் பொறுப்பிலிருந்து அகற்றினார்.

சிப்பாய்களின் துன்பத்தையே எழுதுகிறீர்கள். அது யாருடைய நிலம்?
(கல்லூரி மாணவி, பிரிக்பீல்ட்ஸ்)

மிகச் சரியான கேள்வி, மகளே. லக்கோட்டா முதலிய சூ இனப் பழங்குடி மக்களின் நிலம் அது. மொன்டானாவில் தங்கம் கிடைத்தபின் அவர்களின் எருமை மேயும் சமவெளி வழியே வெள்ளையர்கள் திரள் திரளாகப் போகத் தொடங்கினார்கள். அந்தப் பாதையைக் காக்கவே 1864 ஜூலையில் சல்லி அக்கோட்டையை நிறுவினார். அதே மாதம் 28-ஆம் நாள் கில்டீர் மலையில் சூ மக்களின் பெரிய குடியிருப்பைத் தாக்கி, அவர்கள் ஓடியபின், குளிர்காலத்துக்கென உலர்த்திச் சேமித்திருந்த எருமை இறைச்சியையும் கூடாரங்களையும் தோல்களையும் எரித்துவிட்டார். ஆகவே, கோட்டைக்குள் ஸ்கர்வியால் ஆட்கள் இறந்துகொண்டிருந்த அதே குளிர்காலத்தில், வெளியே சூ குடும்பங்கள் தங்கள் சேமிப்பை இழந்து வாடிக்கொண்டிருந்தன. சரியாக ஓராண்டு கழித்து, 1865 ஜூலை 28 அன்று, லக்கோட்டா தலைவர் சிட்டிங் புல் உள்ளிட்ட வீரர்கள் ஃபோர்ட் ரைஸைத் தாக்கினார்கள். சில மணி நேரம் நடந்த சண்டையில் பீரங்கிகள் கோட்டையைக் காப்பாற்றின. காவல் காத்தவர்களும் அங்கே விரும்பி வந்து குடியேறியவர்கள் அல்லர் என்பதைச் சொல்லலாம். ஆனால் அதனால் நிலத்தின் உரிமை மாறிவிடாது.

என் தாத்தா பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து, சிங்கப்பூர் வீழ்ந்தபோது கைதியாகி, இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர். அவரைத் துரோகி என்று சொன்னவர்களும் உண்டு. அமெரிக்கக் கைதிகளையும் அப்படிச் சொன்னார்களா?
(வாசகர், பிறை)

சொன்னார்கள், ஐயா. தெற்கு அவர்களைத் துரோகிகள் என்றது. வடக்கு அவர்களை முழுமையாக நம்பவில்லை. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் விரும்பவில்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஃபாரர் பூங்காவில் கூட்டப்பட்ட இந்தியக் கைதிகளிடம், உங்கள் சொந்த நாட்டின் விடுதலைக்காகப் போரிடுங்கள் என்று கேட்டார்கள். உங்கள் தாத்தாவிடம் ஒரு கொடி காட்டப்பட்டது. பாயிண்ட் லுக்அவுட் கைதிகளுக்கு அப்படி ஓர் இலட்சியம் காட்டப்படவில்லை. உயிரோடு இருக்கும் வழி மட்டுமே காட்டப்பட்டது. அவர்களில் பலர் அடிமைகளோ நிலமோ பெரிதாக இல்லாத எளிய குடியானவர்கள். கூடாரத்தில் ஒரு குளிர்காலத்தைக் கழித்திராத எவரும் அவர்களைத் துரோகி என்றழைக்க உரிமை உடையவர் அல்லர் என்பதே என் கருத்து. உங்கள் தாத்தாவின் நினைவுகள் எழுத்தில் இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள்; இல்லையென்றால், அவரிடம் கேட்டவற்றை நீங்களாவது எழுதிவையுங்கள்.

ரெஜிமென்ட் பிறகு என்னவாயிற்று? கோட்டை இன்னும் இருக்கிறதா?
(வாசகர், செராஸ்)

1865 ஏப்ரலில் தெற்கின் தளபதி ஜெனரல் லீ சரணடைந்து கிழக்கே போர் முடிவுக்கு வந்தபோதும் இவர்கள் ஃபோர்ட் ரைஸில்தான் இருந்தார்கள். அந்தக் கோடையில் 'ஃபிரண்டியர் ஸ்கவுட்' என்ற சிறு செய்தித்தாளைக் கோட்டையிலேயே அச்சிட்டார்கள். நவம்பரில் ரெஜிமென்ட் கலைக்கப்பட்டது. கோட்டை 1878-இல் கைவிடப்பட்டது. இன்று பிஸ்மார்க் நகருக்குத் தெற்கே, மாநில அரசின் பாதுகாப்பில் உள்ள அவ்விடத்தில், புல்வெளியும் கட்டடங்கள் நின்ற இடங்களைக் காட்டும் அடையாளங்களும் இருக்கின்றன.