சும்மா உட்கார்ந்திருந்த பையனுக்கு நுரையீரல் சுருங்கியது ஏன்?

கேள்வி: என் மகனுக்கு 21 வயது. நல்ல உயரம், ஒல்லி, எந்த நோயும் கிடையாது. போன மாதம் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று வலது நெஞ்சில் குத்துகிறது, மூச்சை இழுக்க முடியவில்லை என்றான். எக்ஸ்ரேயில் நுரையீரல் சுருங்கியிருந்ததால் மார்பில் குழாய் போட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறான். ஜிம்முக்குப் போனதால்தான் வந்தது என்கிறார்கள் சொந்தக்காரர்கள். மறுபடி வருமா? வேலைக்காக துபாய்க்கு விமானத்தில் போகலாமா?

பதில்: ஜிம்மைத் திட்டுவதை முதலில் விடுங்கள் அம்மா. இதற்கு நிமோதோராக்ஸ் என்று பெயர். உயரமாக, ஒல்லியாக இருக்கும் இளைஞர்கள் சிலருக்கு நுரையீரலின் மேல்நுனியில் சின்னச் சின்னக் காற்றுக் கொப்புளங்கள் இருக்கும். அதில் ஒன்று உடைந்தால் காற்று கசிந்து நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவில் தங்கிவிடும், நுரையீரல் விரிய முடியாமல் சுருங்கிப்போகும். பெரும்பாலும் சும்மா இருக்கும்போதுதான் இது நடக்கிறது. குழாயின் மறுமுனை தண்ணீர் பாட்டிலுக்குள் இருந்ததையும், அவன் இருமும்போது அதில் குமிழ் வந்ததையும் பார்த்திருப்பீர்கள். அதுதான் கசிந்த காற்று. குமிழ் நின்று, நுரையீரல் விரிந்துவிட்டது என்று எக்ஸ்ரே காட்டிய பிறகுதான் குழாயை எடுப்பார்கள்.

மறுபடி வருமா என்றால், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வருகிறது, அதுவும் பெரும்பாலும் முதல் ஓரிரு வருடங்களுக்குள். இதில் நம் கையில் இருப்பது சிகரெட் ஒன்றுதான். பிடிக்கும் ஆண்களுக்கு இது வரும் வாய்ப்பு, பிடிக்காதவர்களைவிட 20 மடங்குக்கு மேல். கஞ்சாவும் நுரையீரலைக் கெடுக்கும். என் பையன் அப்படியெல்லாம் இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள், இருக்கலாம். ஆனாலும் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நீங்கள் வெளியே உட்கார்ந்துகொண்டு அவனைத் தனியாகப் பேச விடுங்கள், தயவுசெய்து. சாயங்காலக் காய்ச்சல், நாள்பட்ட இருமல், எடை குறைவது இருந்தால் காசநோய்க்கும் சோதனை செய்ய வேண்டும். நம் ஊரில் அதனாலும் நுரையீரல் இப்படிச் சுருங்குவது உண்டு.

இரண்டாவது முறை வந்தால் பொதுவாக ஆபரேஷன் நல்லது. சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டு, கொப்புளங்களை வெட்டி எடுத்து, நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்படி செய்துவிடுவார்கள். அப்புறம் திரும்ப வருவது மிகவும் குறைந்துவிடும்.

சரி, விமானம். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், உள்ளே காற்று மிச்சம் இருந்தால் அது விரிந்து நுரையீரலை இன்னும் அமுக்கும். அதனால் புதிதாக ஓர் எக்ஸ்ரே எடுங்கள். முழுக்கச் சரியாகிவிட்டது என்று வந்த நாளிலிருந்து குறைந்தது 7 நாள் கழித்துப் போகலாம், சில டாக்டர்கள் 2 வாரம் என்பார்கள், உங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். ஜிம்முக்கும் அவர் சரி என்ற பிறகு போகட்டும். ஆனால் துபாயில் நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று ஸ்கூபா டைவிங் மட்டும் போகவே கூடாது, தண்ணீருக்கு அடியில் இது வந்தால் உயிருக்கே ஆபத்து.

டிஸ்சார்ஜ் சம்மரியும் கடைசி எக்ஸ்ரேயும் அவன் போனிலேயே இருக்கட்டும். மறுபடி அதே மாதிரி குத்தல், மூச்சுத்திணறல் வந்தால் வாய்வுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உதடு நீலமாவது, தலைசுற்றல், படபடப்பு சேர்ந்தால் இங்கே 108, அங்கே 998.