சிபிஆர் கொடுக்கும்போது ஃபீட்பேக் கருவி உண்மையிலேயே உதவுமா, வெறும் செலவா?

உதவும். சிபிஆர் என்பது இதயம் நின்றுபோனவரின் மார்பை அழுத்தி ரத்தத்தை ஓடவைப்பது. அந்த அழுத்தத்தின் ஆழத்தையும் வேகத்தையும் உடனுக்குடன் திரையில் காட்டுவதுதான் ஃபீட்பேக் கருவி. நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். பல வருடம் கருவி இல்லாமலே சிபிஆர் கொடுத்திருக்கிறேன், சரியாகத்தான் அழுத்துகிறேன் என்று நம்பியும் இருந்தேன். ஒரு பயிற்சியில் சென்சார் வைத்த பொம்மைமேல் கை வைத்த அன்றுதான் உண்மை தெரிந்தது.

பெரியவர்களுக்கு மார்பு குறைந்தது 5 செ.மீ. இறங்க வேண்டும், 6-ஐத் தாண்டக் கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் திரையில் வேகம் 138, ஆழம் நாலு சொச்சம். பதற்றத்தில் வேகம் ஏறிவிடுகிறது, வேகம் ஏறினால் ஆழம் குறைகிறது. அதைவிட என்னை உறுத்தியது வேறு. ஒவ்வொரு அழுத்தத்துக்கு அப்புறமும் என் பாரத்தில் கொஞ்சத்தை மார்பின் மேலேயே விட்டுவைத்திருந்தேன். மார்பு முழுசாக மேலெழும்பினால்தான் இதயத்துக்குள் ரத்தம் திரும்பி நிரம்பும். நான் சாய்ந்திருந்தது எனக்கே தெரியவில்லை, திரைதான் காட்டிக்கொடுத்தது.

நிஜ நோயாளியிடம் பயன்படுத்தும்போது ஒரு விஷயம் முக்கியம். பெரும்பாலான கருவிகள் கைக்கும் மார்பெலும்புக்கும் நடுவே வைக்கும் சின்ன வில்லை. அது எவ்வளவு அசைகிறது என்பதை வைத்துத்தான் ஆழத்தைக் கணக்கிடுகிறது. மெத்தையும் சேர்ந்து அமுங்கினால் அதையும் மார்பின் ஆழமாகவே எடுத்துக்கொள்ளும். திரையில் 5.5 இருக்கும், மார்பு 4 கூட இறங்கியிருக்காது. அதனால் முதுகுக்கு அடியில் கெட்டியான பலகையைத் தள்ளிவிடுங்கள். முதுகின் கீழே இரண்டாவது சென்சார் வைத்து மெத்தையின் அசைவைக் கழித்துவிடும் கருவிகளும் உண்டு.

அப்புறம், அழுத்துகிறவரே திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பக்கத்தில் ஒருவர் பார்த்து, "இன்னும் ஆழமா", "கையைத் தளர்த்துங்க" என்று சத்தமாகச் சொல்லட்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்பது விதி. அதற்கு முன்பே சிலருக்கு ஆழம் சரிந்துவிடும். கேட்டால் "எனக்கு ஒண்ணுமில்ல, நானே பண்றேன்" என்பார்கள். எண்ணைக் காட்டினால் வாக்குவாதம் இல்லாமல் விலகிவிடுகிறார்கள். இந்த ஒன்றுக்காகவே கருவி வேண்டும் என்பேன்.

உயிர் பிழைப்போர் எண்ணிக்கை கூடுமா என்றால், ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. அழுத்தத்தின் தரம் கூடுகிறது என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. ஆனால் 2011-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் தரம் கூடியும் பிழைத்தவர்கள் கூடவில்லை. என் பார்வையில் கருவியின் பெரிய பலன் பயிற்சியில்தான். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனும் 2019 முதல் பெரியவர்களுக்கான சிபிஆர் வகுப்புகளில் ஃபீட்பேக் கருவியைக் கட்டாயமாக்கியது.

வாங்க வசதி இல்லையா? போனில் மெட்ரோனோமை (சீரான தாளத்தில் 'டிக் டிக்' என்று ஒலிக்கும் செயலி) நிமிடத்துக்கு 110-இல் ஓடவிடுங்கள், வேகமாவது கட்டுக்குள் நிற்கும். ஆழத்துக்கும் கை தளர்த்துவதற்கும் பக்கத்தில் ஒருவரை நிறுத்துங்கள். கருவியைத் தேடி எடுத்து வரும்வரை மட்டும் காத்திருக்காதீர்கள், உடனே அழுத்த ஆரம்பியுங்கள். வில்லையை அப்புறம் கைக்கு அடியில் செருகிக்கொள்ளலாம்.