வண்டி கேள்வி பதில்: சின்ன ரிம் போட்டா பனியில சறுக்குமா?

கேள்வி (உட்லண்ட்ஸ் வாசகி): என் மகன் ஜெர்மனியில ஸ்டுட்கார்ட்ல வேலைக்கு சேர்ந்து இது முதல் குளிர்காலம். செகண்ட் ஹேண்ட்ல புது மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஒண்ணு வாங்கியிருக்கான், டயர் 215/45 ஆர்17, சம்மர் டயர்தான். கூட வேலை பாக்கிறவங்க எல்லாரும் 15 இன்ச் ரிம்ல வின்டர் டயர் தனியா ஒரு செட் வாங்கிடுன்னு சொல்றாங்களாம். அவங்கப்பா இங்கேருந்து போன் போட்டு, ரிம்ம சின்னதாக்குனா வண்டி தாழ்ந்துடும், மீட்டர் தப்பா காட்டும், ஒல்லி டயர் பனியில சறுக்கும், வேண்டாம்ங்கிறார். தினமும் வீட்ல இதே பேச்சுதான். யார் சொல்றது சரி? வாங்கித்தான் ஆகணும்னா ஜேபில (மலேசியாவோட ஜோகூர் பாரு) மலிவா வாங்கி அனுப்பிடலாமா?

பதில்: அம்மா, மகனோட கூட வேலை பாக்கிறவங்க சொல்றதுதான் சரி. அப்பாவையும் குத்தம் சொல்ல முடியாது, நம்ம சிங்கப்பூர்ல வருஷம் முழுக்க ஒரே வெயில் ஒரே மழை, பெரிய ரிம் அகல டயர்னா நல்லா பிடிக்கும்னுதான் நாம பாத்துப் பழகியிருக்கோம், அந்தக் கணக்கு பனி ஊருக்கு செல்லாது, அவ்வளவுதான்.

வண்டி தாழ்ந்துடும்ங்கிற பயத்தை மொதல்ல தீத்துடலாம். டயர் மேல எழுதியிருக்கிற 215ங்கிறது அகலம், மில்லிமீட்டர்ல. 45ங்கிறது அந்த அகலத்துல 45 சதவீதம், டயரோட பக்கச்சுவர் உயரம், சுமார் 97 மில்லிமீட்டர். மேல ஒண்ணு கீழ ஒண்ணு, நடுவுல 17 இன்ச் ரிம், எல்லாம் கூட்டுனா மொத்த விட்டம் 625 மில்லிமீட்டர் வரும். இப்ப அதே போலோவுக்கு கம்பெனியே கொடுக்கிற 15 இன்ச் சைஸ் 185/65 ஆர்15, அதைக் கூட்டிப் பாருங்க, 621 கிட்ட வரும். ரிம் சின்னதாச்சு ஆனா ரப்பர் சுவர் உயர்ந்துடுச்சு, மொத்த வித்தியாசம் 4 மில்லிமீட்டர் கூட இல்ல, அதுல பாதிதான் வண்டி இறங்கும், கண்ணுக்கே தெரியாது. மீட்டரும் ஒரு சதவீதத்துக்குள்ளதான் மாறும், அதுவும் உண்மையான வேகத்தை விட கொஞ்சம் கூட காட்டுற பக்கமா மாறும், அதனால மகனுக்கு ஆபத்து இல்ல.

ஒல்லி டயர் விஷயம்தான் முக்கியம், இதை அப்பாவுக்கு பொறுமையா சொல்லுங்க. வண்டியோட எடை மாறப்போறதில்ல, அந்த எடை அகலமான இடத்துல பரவி நின்னா ஒவ்வொரு இடத்துலயும் அழுத்தம் கம்மி, ஒடுங்கின இடத்துல நின்னா அழுத்தம் ஜாஸ்தி. மெத்தையில உள்ளங்கைய வச்சு அழுத்துறதுக்கும் ஒரு விரலால அழுத்துறதுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. ரோட்ல பாதி உருகுன பனி சேறா கிடக்கும்போது அகல டயர் அது மேல மிதக்கப் பாக்கும், 185 டயர் அதைக் கிழிச்சிட்டு கீழ தார் ரோட்டைத் தொடும். மறைக்காம சொல்லணும்னா, காய்ஞ்ச ரோட்ல அவசரமா பிரேக் அடிச்சா அகல டயர் கொஞ்சம் முன்னாடியே நிக்கும், அதை விட்டுக்கொடுத்துதான் இதை வாங்குறோம். கண்ணாடி மாதிரி வழவழன்னு கிடக்கிற ஐஸ் மேல எந்த அகலமும் காப்பாத்தாது, அங்க மெதுவா ஓட்டுறது ஒண்ணுதான் வழி.

ஆனா அகலத்தை விட பெரிய விஷயம் ரப்பர். சம்மர் டயர் ரப்பர் சுமார் 7 டிகிரிக்கு கீழ போனா இறுக ஆரம்பிச்சிடும், ரோட்டோட மேடு பள்ளத்துல அது ஒட்டாது. வின்டர் டயர்ல கலவையே வேற, குளிர்லயும் மெத்துனு இருக்கும், போதாததுக்கு ரோட்டைத் தொடுற ஒவ்வொரு ரப்பர் கட்டியிலயும், அதைத்தான் பட்டன்னு சொல்றது, பிளேடால கீறுன மாதிரி நூத்துக்கணக்கான மெல்லிசு வெட்டு இருக்கும், அந்த வெட்டுக்குள்ள பனி போயி அடைச்சிக்கும், பனியும் பனியும் ஒண்ணோட ஒண்ணு பிடிச்சிக்கும், அதுதான் பிடிப்பு. அதனால ரோட்ல பனியே இல்லாட்டியும், காலையில 2 டிகிரி இருந்தா அந்த 17 இன்ச் சம்மர் டயர்ல ஓட்டுறது நல்லதில்ல.

சட்டமும் இருக்கு. ஜெர்மனியில இந்தத் தேதிலேருந்து இந்தத் தேதி வரைன்னு கிடையாது, ரோட்ல பனியோ ஐஸோ உறைபனி வழுக்கலோ இருந்தா வின்டர் டயர் இல்லாம ஓட்டக்கூடாது. பிடிச்சா 60 யூரோ ஃபைன், லைசென்ஸ் கணக்குல ஒரு பாயின்ட்டும் ஏறும், அடுத்தவங்களுக்கு இடைஞ்சல் ஆச்சுன்னா 80. ஊர்க்காரங்க அக்டோபர்லேருந்து ஈஸ்டர் வரைக்கும்னு ஒரு கணக்கு வச்சிருப்பாங்க, மகனும் அதையே வச்சிக்கட்டும். வாங்கும்போது டயர் ஓரத்துல மூணு சிகரம் உள்ள மலை, அதுக்குள்ள ஒரு ஸ்னோஃப்ளேக், இந்தப் படம் இருக்கான்னு பாக்கணும். எம்+எஸ்னு (சேறு, பனி) மட்டும் எழுதியிருந்தா 2024 அக்டோபர்லேருந்து செல்லாது. ஆன்லைன்ல பழைய டயர் மலிவா வரும், அதுல ஏமாந்துடக் கூடாது.

பழசு வாங்குறதுன்னா இன்னொண்ணும் பாக்கச் சொல்லுங்க, பக்கச்சுவர்ல DOTங்கிற எழுத்துக்கு அப்புறம் கடைசியா நாலு நம்பர் இருக்கும், 3523னு இருந்தா 2023ல 35வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் போதும், ஆனா பனிக்கு 4 மில்லிமீட்டருக்கு கீழ போனா பிரயோஜனம் இல்ல.

ரிம் விஷயத்துல அவசரப்பட வேண்டாம். 15 இன்ச் எல்லா போலோவுக்கும் போகாது, ஜிடிஐ மாதிரி பெரிய பிரேக் உள்ள வண்டியில ரிம் பிரேக் காலிப்பர்ல (பிரேக் பேடைப் பிடிச்சிருக்கிற பாகம்) இடிக்கும். வண்டியோட வந்த பேப்பர்ல, சிஓசின்னு சொல்வாங்க, எந்தெந்த சைஸ் போடலாம்னு இருக்கும், லோட் நம்பரும் இருக்கும், அதுக்குக் கீழ போகவே கூடாது. 88னு இருந்தா ஒரு டயர் 560 கிலோ தாங்கும். போலோவுக்கு அஞ்சு போல்ட், அந்த போல்ட்டுங்க நிக்கிற வட்டத்தோட விட்டம் 100 மில்லிமீட்டர், நடு ஓட்டை 57.1, இதெல்லாம் ஒத்துப்போற ஸ்டீல் ரிம்மே போதும், அழகு பாக்க வேண்டாம். அங்க ரோட்ல உப்பு கொட்டுவாங்க, உப்பு அலாய் ரிம்மோட பெயின்ட்டை அரிச்சிடும், அந்த 17 இன்ச் நல்ல ரிம் கோடைக்கு பத்திரமா இருக்கட்டும். ரிம் மாத்துனா போல்ட்டும் அந்த ரிம்முக்கு ஏத்ததா இருக்கணும், உருண்டை முனையும் கூம்பு முனையும் வேற வேற, மாத்திப் போட்டா சக்கரம் கழண்டு போற அளவுக்கு ஆபத்து. போட்டு 50 கிலோமீட்டர் ஓட்டுன பிறகு திரும்ப ஒரு தடவ டைட் பண்ணணும், டயர் பிரஷர் வார்னிங்க ரீசெட் பண்ணணும்.

நாலும் மாத்தணும் அம்மா, நாலும்! காசு மிச்சம்னு முன்னாடி ரெண்டு மட்டும் போட்டா, வளைவுல முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கி வண்டி சுத்திடும். இதுல மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க.

ஜேபி யோசனைய விட்டுடுங்க. நம்ம சூட்டுக்கு வின்டர் டயர் யாரும் ஸ்டாக் வைக்க மாட்டாங்க, வெளிய வாங்குன ரிம்முக்கு ஜெர்மனியில அனுமதி பேப்பர் கேப்பாங்க, கப்பல் செலவு வேற. அந்தக் காசை மகனுக்கு அனுப்புங்க, அங்கேயே ரிம்மோட சேத்து மாட்டுன செட்டா வாங்கிக்கட்டும். ரிம்மோட இருந்தா வருஷத்துக்கு ரெண்டு தடவ மாத்துறது சுலபம், கழட்டுன செட்டை டயர் கடையிலேயே வாடகைக்கு வச்சிக்குவாங்க. சிட்டிக்குள்ள மட்டும் ஓட்டுறவருன்னா அந்த மலைப் படம் உள்ள ஆல் சீசன் டயரும் சட்டப்படி சரிதான், ஆனா ஸ்டுட்கார்ட் பள்ளத்துல உள்ள ஊரு, எங்க போனாலும் ஏத்தம் இறக்கம், பக்கத்துல பிளாக் ஃபாரஸ்ட் மலை. என் பிள்ளையா இருந்தா அசல் வின்டர் டயர்தான் போடச் சொல்வேன்.

கேள்வி (செங்காங் வாசகர்): என் ஹோண்டா ஜாஸ்ல பழைய ஓனர் 205/45 ஆர்17 போட்டிருக்கார், ஹம்ப் ஏறினா முதுகு வலிக்குது. 15க்கு இறக்கலாமா? ஒரு நண்பர் ஜப்பான் ஸ்டட்லெஸ் டயர் (ஆணி இல்லாத வின்டர் டயர்) மலிவா தர்றேங்கிறார், மழைக்கு சூப்பரா பிடிக்குமாம்.

பதில்: 15க்கு தாராளமா இறக்குங்க தம்பி. டோர் திறந்தா பக்கத்துல ஸ்டிக்கர்ல கம்பெனி சைஸ் இருக்கும், 185/60 ஆர்15 இருந்தா அதுதான் உங்களுக்கு. பக்கச்சுவர் 92லேருந்து 111 மில்லிமீட்டர் ஆயிடும், குலுக்கல் உடனே குறையும், சின்ன சைஸ்ங்கிறதால டயர் விலையும் கம்மி. நாலு போல்ட் 100 வட்டம், நடு ஓட்டை 56.1, அது சரியா பாத்து வாங்குங்க, ஓட்டை பெருசா இருந்தா சென்டர் ரிங் போடணும் இல்லன்னா ஸ்டியரிங் ஆடும்.

ஸ்டட்லெஸ்ஸை மட்டும் தொடாதீங்க. அது ஐஸுக்காக செஞ்ச மெத்துனு ரப்பர். நம்ம ஊர் மத்தியானம் 32 டிகிரி, தார் ரோடு அதை விட சூடு, அந்த ரப்பர் குழைஞ்சு பட்டன் ஆடும், சீக்கிரம் தேயும், ஈர ரோட்ல பிரேக் அடிச்சா சாதா டயரை விட தள்ளிப் போய்தான் நிக்கும். பனியில பிடிக்கிறது மழையிலயும் பிடிக்கும்னு நினைக்கிறது ரொம்ப பேர்கிட்ட இருக்கு, பிஐஇ விரைவுச்சாலையில மழையில இந்த டயரோட போறத நினைச்சாலே எனக்கு பயமா இருக்கு, நண்பர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடுங்க. ஈர ரோட்டுக்கு நல்ல மார்க் வாங்குன சாதா டயர் வாங்குங்க, பட்டன் 3 மில்லிமீட்டருக்கு வந்தா மாத்திடுங்க, 1.6 வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட் வாசகி): டிசம்பர் லீவுக்கு குடும்பத்தோட ஹொக்கைடோ போயி சின்ன கார் வாடகைக்கு எடுக்கிறோம். டயர் பத்தி என்ன கேக்கணும்? ஆணி வச்ச டயர் கிடைக்குமா?

பதில்: ஆணி டயர் கிடைக்காது. அந்த ஆணி ரோட்டை சுரண்டி ஊரெல்லாம் தூசி ஆயிடுச்சுன்னு 1990லயே அதுக்கு எதிரா ஜப்பான்ல சட்டம் போட்டுட்டாங்க. குளிர்காலத்துல ஹொக்கைடோ வாடகை கார்ல ஸ்டட்லெஸ் டயரே மாட்டியிருப்பாங்க, இருந்தாலும் புக் பண்ணும்போது ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. நாலு வீல் டிரைவ் கிடைச்சா எடுங்க, கிளம்புறதுக்கும் மேடு ஏறுறதுக்கும் உதவும், ஆனா பிரேக்குக்கு அது ஒண்ணும் செய்யாது. சிக்னல் கிட்டதான் ரொம்ப கவனம், எல்லா வண்டியும் நின்னு நின்னு கிளம்பி அந்த இடம் பாலிஷ் ஆகி கிடக்கும். ராத்திரி நிறுத்தும்போது கியரை பி-ல (பார்க்கிங்) போட்டுட்டு ஹேண்ட் பிரேக் இழுக்காம விடுங்க, உறைஞ்சு பிடிச்சிக்கும், வைப்பரை தூக்கி வச்சிடுங்க. நெடுஞ்சாலை ஓரமா கம்பத்துலேருந்து கீழ பாத்து தொங்குற சிவப்பு வெள்ளை அம்பு தெரியும், பனி மூடிட்டா ரோட்டோட ஓரம் அதுக்கு நேர் கீழதான். இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டை இங்கேருந்தே எடுத்துட்டுப் போங்க. சப்போரோவுல டிசம்பர்ல நாலு மணிக்கே இருட்டிடும், முதல் நாள் ஏர்போர்ட்லேருந்து நேரா மலைக்கு போற பிளான் இருந்தா மாத்திக்கோங்க, அன்னிக்கு ஊருக்குள்ளயே தங்கிட்டு மறுநாள் காலையில வெளிச்சத்துல கிளம்புங்க.