நெஞ்செரிச்சலுக்கு நுண்துளை ஆபரேஷன்: பாரெட் உள்ளவர்களின் கேள்விகள்

எண்டோஸ்கோப்பி அறிக்கையில் 'பாரெட்' என்று இருக்கிறது. புற்றுநோயா?

இல்லை. இரைப்பை அமிலம் வருடக்கணக்கில் மேலேறினால், உணவுக்குழாயின் அடிப்பகுதியில் வெளிறிய நிறத்தில் இருக்கும் உட்சவ்வு, குடல் சவ்வைப் போலச் சிவந்து மாறும். அதுதான் பாரெட். பயாப்சி அறிக்கையில் 'டிஸ்ப்ளேசியா' (செல்கள் புற்றுநோயை நோக்கி மாறத் தொடங்குவது) இல்லை என்றால், ஆண்டுக்கு 1,000 பேரில் ஒன்று முதல் மூன்று பேருக்குத்தான் அது புற்றுநோயாகிறது. இருக்கிறது என்றால் கதையே வேறு.

ஆபரேஷன் செய்துகொண்டால் அந்தப் பயம் போய்விடும்தானே? இனி எண்டோஸ்கோப்பி வேண்டாமே?

பலரும் இதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். வேண்டும். ஆபரேஷன் அமிலம் ஏறுவதைத் தடுக்கும். மாறிப்போன சவ்வை அது தொடுவதே இல்லை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைவிட ஆபரேஷன் புற்றுநோயைக் கூடுதலாகத் தடுக்கிறது என்பதற்கு உறுதியான சான்றும் கிடையாது. அதற்காகவே ஆபரேஷன் என்று யாராவது சொன்னால், இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிடுங்கள். டிஸ்ப்ளேசியா இல்லாதவர்களுக்கு, மாறிய சவ்வின் நீளம் 3 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் 5 ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் என்றால் 3 ஆண்டுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி என்பது பொதுவான கணக்கு. டிஸ்ப்ளேசியா இருந்தால், எண்டோஸ்கோப்பி வழியாகவே அந்தச் சவ்வை வெப்பத்தால் பொசுக்குவார்கள், புடைப்பு தெரிந்தால் வெட்டி எடுப்பார்கள். ஆபரேஷன் பேச்சு அப்புறம்தான்.

பிறகு எதற்குத்தான் ஆபரேஷன்?

மாத்திரை அமிலத்தைக் குறைக்கும், எதுக்களிப்பை நிறுத்தாது. குனிந்தால் சாப்பிட்டது வாய்க்கு வருகிறது, தூக்கத்தில் புரையேறுகிறது, இரைப்பையே கொஞ்சம் நெஞ்சுக்குள் ஏறியிருக்கிறது என்பவர்களுக்கு நல்ல பலன் உண்டு. அதற்கு முன் ஒன்று: மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடுகிறீர்களா? சாப்பிட்டபின் போட்டுவிட்டு 'கேட்கவில்லை' என்பவர்கள் ஏராளம்.

எப்படிச் செய்வார்கள்?

வயிற்றில் ஐந்து சிறு துளைகள் போட்டு, இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடியில் மஃப்ளர் போலச் சுற்றித் தைப்பார்கள். முழுச் சுற்று என்றால் நிஸ்ஸென் முறை. ருடால்ஃப் நிஸ்ஸென் 1956இல் வெளியிட்டது. 1991 முதல் அதை லேப்ராஸ்கோப்பியில், அதாவது நுண்துளை வழியாக, செய்கிறார்கள். முக்கால் சுற்று என்றால் டூபே. உணவைக் கீழே தள்ளும் உணவுக்குழாயின் அழுத்தம் பலவீனமாக இருந்தால் பெரும்பாலும் முக்கால் சுற்றுதான். அதனால் அந்த அழுத்தத்தை அளக்கும் மனோமெட்ரி பரிசோதனை செய்யாமல் ஆபரேஷனுக்குச் சம்மதிக்காதீர்கள்.

எப்போது வழக்கம்போலச் சாப்பிடலாம்?

சில வாரம் ஆகும். தைத்த இடம் வீங்கியிருப்பதால் உணவு மெதுவாகத்தான் இறங்கும். முதலில் கஞ்சி, ரசம். பிறகு சாம்பாரில் நன்றாக ஊறிய இட்லி, குழைந்த சாதம். பரோட்டா, பிரெட், இறைச்சித் துண்டு கடைசியில். சோடா வகைகள் வேண்டாம். ஏப்பம் விட முடியாமல் வயிறு உப்பிக்கொள்ளும். தண்ணீர்கூட இறங்கவில்லை என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எடை 120 கிலோ. எடை குறைப்பு ஆபரேஷனையும் சேர்த்தே செய்யலாமா?

கேட்டது நல்லது. இரைப்பையைக் குழாய்போலக் குறுக்கும் 'ஸ்லீவ்' முறை எதுக்களிப்பைக் கூட்டக்கூடியது. பாரெட் உள்ளவர்களுக்குப் பொதுவாக அதைத் தவிர்ப்போம். இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு இணைக்கும் 'பைபாஸ்' முறை எடை, எதுக்களிப்பு இரண்டையும் குறைக்கும். அதைச் செய்தால் தனியாகச் சுற்றித் தைக்க வேண்டியதில்லை.