வெள்ளைப் பொட்டாகும் வியாழன்

கேள்வி: 6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியில் வியாழனின் மேகப் பட்டைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. செல்போனில் எடுத்தால் வெறும் வெள்ளைப் பொட்டுதான். ஏன்?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: சுற்றிலும் இருட்டு என்பதால் போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது, கோள் வெளுத்துப்போகிறது. கேமராவின் புரோ மோடில் (அளவுகளை நாமே மாற்றும் முறை) ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, ஷட்டர் 1/60 நொடி என்று தொடங்கி, பட்டை தெரியும்வரை மாற்றிப் பாருங்கள். போனைக் கையில் பிடிக்கவே வேண்டாம். கண்வில்லையில் மாட்டும் அடாப்டர் வாங்கிவிடுங்கள்.

ஒற்றைப் படத்தில் பெரிதாக எதுவும் கிடைக்காது. வீடியோதான் எடுக்க வேண்டும். சாதாரண டாப்சோனியன் கோளின் நகர்வுக்கேற்பத் தானாகத் திரும்பாதே! கோளை ஓர் ஓரத்தில் நிறுத்தி மறு ஓரம்வரை நகரவிடுங்கள். அப்படிச் சில துண்டுகள். மொத்தம் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் முடியுங்கள். வியாழன் 10 மணி நேரத்துக்குள் தன்னைச் சுற்றிவிடும். நீட்டினால் நுணுக்கங்கள் இழுபடும். பிறகு கணினியில், பிப் (PIPP) மென்பொருளில் கோளை நடுவில் கொண்டுவந்து, ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் சிறந்த 20 சதவீத பிரேம்களை (வீடியோவின் தனித்தனிப் படங்களை) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ரெஜிஸ்டாக்ஸ் மென்பொருளில் கூர்மையாக்குங்கள். கூர்மையை அளவோடு, மிஞ்சினால் விளிம்பில் பொய்வளையம் வரும்.

இத்தனைக்குப் பிறகும் படம் கொதிநீர்போலத் தளும்பினால் குற்றம் காற்றுடையது. மொட்டை மாடியும் கிருஷ்ணகிரிப் பாறைகளும் முன்னிரவில் அனல் கக்கும். மண்தரைக்கு மாறுங்கள். உள்ளிருக்கும் கண்ணாடி குளிர, ஒரு மணி நேரம் முன்பே தொலைநோக்கியை வெளியே வைத்துவிடுங்கள்.